கண்ணாடியம்மா இரண்டு கட்சிக்கும் பேசிய நாள்

பூங்காவில் அவளை எல்லோரும் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கின் மேல் தடிமனான கண்ணாடி போட்டிருந்தாள், அது ஒரு காரணம். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக்கூடத்திலேயே செடிகளோடு காலம் தள்ளுகிறாள், அது இன்னொன்று. அவள் கணவருக்கு அங்கே வாலு என்று பெயர். கண்ணாடிக்கூடத்திலிருந்து நூறு அடி தள்ளியிருந்த குரங்குக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஐம்பத்தாறு வயசு மனிதரை வாலு என்று எப்படிக் கூப்பிடுவது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் கூச்சப்படுவார்கள். ஒரு மதியச் சாப்பாட்டு வேளை முழுக்க அவர் பேச்சைக் கேட்டுவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

வாலுவிடம் ஐந்து குரங்குகள் இருந்தன. உள்ளங்கையளவு முகம், நரைத்த தாடி, உடம்பைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் வால். காட்டில் அந்த இனம் மொத்தமே முந்நூறுக்குள்தான் இருக்கும் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். கண்ணாடியம்மாவிடம் மூன்று தொட்டிகளில் ஓர் ஆர்க்கிட் இருந்தது. அதுவும் அதே மலைக்காட்டிலிருந்து வந்ததுதான். மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு, வருஷத்தில் பாதி நாள் காய்ந்துபோன வேர்க்கட்டு மாதிரி கிடக்கும். காட்டில் அது பதினோரு மரங்களில் மட்டுமே மிஞ்சியிருந்தது.

ஆக, யாருடையது அதிக ஆபத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த வீட்டின் ஓயாத வழக்கு. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, மகள் பிறந்து வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும் தீரவில்லை.

"உன் செடி ஏறி உட்கார்ந்திருக்கிற மரம் யாரோட வீடு? என் குரங்கோட வீடு. வாடகை குடுக்காத குடித்தனம்," என்பார் வாலு, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"உங்க குரங்கு கிளையை உடைச்சுப் போட்டா அதோட சேர்ந்து கீழ விழுந்து சாகறது யாரு? முதல்ல உங்க ஆளுங்களைக் கையைக் காலை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க," என்பாள் அவள்.

"முந்நூறு பேர்!"

"பதினோரு மரம்!"

அதற்குமேல் பேச்சு நகராது. யார் பாத்திரம் கழுவுவது என்பதில் போய் நிற்கும்.

அந்த வருஷம் பூங்காவின் வாசலை மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய டிக்கெட் அறை காலியானது. சின்ன அறைதான். ஆனால் சுவர் கனமானது, வெளியிலிருந்து சத்தம் உள்ளே வராது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வெயில் படாத பக்கம். வாலுவின் குரங்குகளில் சின்னவள் என்று அவர் கூப்பிடுகிற ஒன்று கர்ப்பமாக இருந்தது. போன தடவை மற்றக் குரங்குகளின் ரகளையில் மிரண்டுபோய்க் குட்டிக்குப் பால் கொடுக்காமல் விட்டுவிட்டது. குட்டி தங்கவில்லை. இந்தத் தடவை அவளைத் தனியே வைக்க அந்த அறை வேண்டும் என்றார் வாலு. கண்ணாடியம்மாவுக்கும் அதே அறையின் மேல் கண். ஆர்க்கிட் விதையைக் கிருமி படாமல் புட்டியில் விதைக்க, தூசி வராத ஓர் அறை வேண்டும் என்று ஆறு வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தாள்.

இயக்குநரம்மா இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் நல்ல மனுஷிதான். ஆனால் யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

"நான் ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தர் வீட்ல என்னைத் திட்டித் தீர்ப்பீங்க. எனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு? ஞாயித்துக்கிழமை பார்வையாளர்களைக் கூடத்துல உட்கார வைப்போம். குரங்கு, ஆர்க்கிட், ரெண்டையும் ஒப்பிட்டு ஆளுக்குக் கால்மணி நேரம் பேசுங்க. வாசல்ல ரெண்டு ஜாடி. யாருக்குப் பிடிக்குதோ அந்த ஜாடில ஒரு கூழாங்கல். அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் கண்ணாடியம்மா சொன்னாள். "பேசாம அந்தம்மா அறையை உங்களுக்கே குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். குரங்கையும் செடியையும் பக்கத்துப் பக்கத்துல வச்சா எந்தப் பிள்ளை செடியைப் பார்க்கும்?"

"பயந்துட்டியா?" என்றார் வாலு.

"பயமா? எனக்கா?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாலு அன்று மத்தியானமே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். மனிதர்கள் முன்னால் பேசிப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் குரங்குகள் முன்னால் பேசினார். குரங்குகள் சும்மா இருக்குமா? அவர் குரலை உயர்த்த அவையும் உயர்த்தின. அவற்றுக்கு மேலே கேட்க வேண்டும் என்று அவர் இன்னும் உயர்த்தினார். மூன்று நாள் அந்தப் போட்டி நடந்தது. சனிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை.

"அப்பா பேசாம இருக்காரா? நிஜமாவா? அம்மா, எனக்கு லீவு கிடைக்குமான்னு பார்க்கறேன். இதை நேர்ல பார்க்கணும்."

குரங்குகளுக்குத் தீனி நேரம் எழுதி வைக்கிற சிலேட்டை வாலு கையில் எடுத்துக்கொண்டார். அதில் முதல் காரியமாக எழுதியது: 'எனக்கும் சேர்த்து நீயே பேசு.'

"நல்லா இருக்கே கதை! எனக்கு எதிரா நானே பேசறதா? கட்சிக்காரங்க ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீலா?"

அவர் அழித்துவிட்டு எழுதினார்: 'நீ ஏமாத்த மாட்ட.'

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் ஏமாற்றத்தான் முடியுமா?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கண்ணாடிக்கூடத்துக்குப் போனாள். கதவைத் திறந்ததும் ஈரத்துணி மக்கிய மாதிரி ஒரு வாடை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அது அவள் ஆர்க்கிட்டின் வாடை. ஒரு வாரமாக முதல் தொட்டியிலும் மூன்றாம் தொட்டியிலும் மொட்டுகள் கடுகளவில் நின்றிருந்தன. இரண்டும் ஒன்றாக விரிந்திருந்தன. அவை பூக்க ஆரம்பித்த இந்த ஏழு வருஷத்தில் அது நடந்ததே இல்லை. ஒன்று பூக்கும்போது மற்றது தூங்கும். தன் மகரந்தத்திலேயே அது காய் பிடிக்காது, இன்னொரு செடியின் பூ வேண்டும்.

பூ ஒன்றும் பிரமாதமில்லை. கட்டைவிரல் நகத்தளவு. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், யாரோ தேநீர் சிந்திய மாதிரி இரண்டு புள்ளிகள். அந்த வாடைக்கு மயங்கி வந்து மகரந்தம் சுமக்கிற ஒரு பொடி ஈ காட்டில் இருந்ததாம். அதைப் பார்த்தே பல வருஷமாகிறது. ஆகவே ஈயின் வேலையைக் கண்ணாடியம்மாதான் செய்தாக வேண்டும்.

ஓடிப்போய் வாலுவை இழுத்து வந்தாள். அவர் பூதக்கண்ணாடியைப் பிடித்தார், அவள் பல்குச்சி நுனியால் முதல் பூவின் தலைப்பக்கத்து மூடியை மெல்லத் தள்ளினாள். கீழே மகரந்தம் இரண்டு மஞ்சள் உருண்டைகளாக இருந்தது. ஊசிமுனையில் பாதி இருக்கும். அதைக் குச்சியில் ஒட்டி எடுத்து, நாலடி நடந்து, மூன்றாம் தொட்டிப் பூவின் பசைக்குழியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாலடி நடக்க அவளுக்கு நாழியாயிற்று. வாலு மூச்சை அடக்கிக்கொண்டு கூடவே நகர்ந்தார். வாய் இருந்திருந்தால் இதற்குள் பத்து யோசனை சொல்லியிருப்பார். உருண்டை குழியில் ஒட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

'ஈ நல்லா வேலை பாக்குது' என்று சிலேட்டில் எழுதினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் தொண்ணூறு பேருக்குமேல் இருந்தார்கள். பாதிப் பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மேடையில் ஒரு பக்கம் ஆர்க்கிட் தொட்டி. மறுபக்கம் குரங்கின் பெரிய படம், சிலேட்டோடு வாலு. கண்ணாடியம்மா எழுந்து நின்றாள். சங்கடமான வேலையை முதலில் முடித்துவிடலாம் என்று குரங்கிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தபின் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரங்கு தரையில் கால் வைக்காது, மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். ஆகவே காட்டுக்கு நடுவே ஒரு ரோடு போட்டால் போதும், அந்தப் பக்கத்துக் குரங்கும் இந்தப் பக்கத்துக் குரங்கும் வாழ்நாளில் சந்திக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு குட்டிதான். குட்டியை நாலு மாதம் இடுப்பை விட்டு இறக்காது. கோபம் வந்தால் புருவத்தை ஏற்றி இறக்கும், பயந்தால் தன் வாலைத் தானே பிடித்துக்கொள்ளும். மூத்த ஆண் குரங்கு தினமும் காலையில் முதல் பழத்தைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்னும். வாலு வேறு சட்டை போட்டு வந்தால் ஐந்தும் அன்றைக்கு முகம் கொடுக்காது. எல்லாம் இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் அவள் காதில் விழுந்தவை. கேட்கவே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் போன குட்டியைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் ஓர் அம்மா பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நடுவில் ஒருமுறை கூட்டம் சிரித்தது. திரும்பிப் பார்த்தாள். வாலு சிலேட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்: 'நாலு இல்லை, அஞ்சு மாதம்.'

"அஞ்சு மாசமாம். வாய் இல்லாதப்பவும் விட மாட்டேங்கறார், பாருங்க," என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்தது அவளுடைய ஆர்க்கிட். அங்கேதான் தடுமாற்றம் வந்தது. பதினோரு மரம் என்றாள். ஏழு வருஷம் என்றாள். மரப்பட்டை, ஈரப்பதம், நிழல் என்று வரிசையாகச் சொன்னாள். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். கூடவே இருந்து பழகியதைப் பற்றி என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அடுத்தவர் பொருளை அழகாகச் சொல்லிவிட்டுத் தன் பொருள் முன்னால் வாயடைத்து நின்றாள்.

ஒரு பையன் கை தூக்கினான். "அது செத்துப் போனா அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காதுன்னுதான் நினைக்கிறேன், கண்ணு," என்றாள். பொய் சொல்ல வரவில்லை. பையன் சரி என்று தலையாட்டிவிட்டுக் குரங்குப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பினாள். வாலு சிலேட்டை அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்திருந்தார்: 'விதையைச் சொல்.'

அதன் கீழே சின்ன எழுத்தில்: 'தூசி. சோறு இல்லாத விதை. பூஞ்சை.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். விதையைப் பற்றி அவரிடம் எப்போது சொன்னாள்? ஐந்தாறு வருஷம் முன்னால், அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபோது. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தம்ளரை வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் குனிந்தாள்.

"குரங்கு ஒரு குட்டி போட்டு அஞ்சு மாசம் தூக்கிக்கிட்டு அலையுதுன்னு சொன்னேன் இல்ல? இது அப்படியே தலைகீழ். ஒரே காயில லட்சம் விதை. ஒவ்வொண்ணும் தூசி மாதிரி இருக்கும், ஊதினாப் பறந்துடும். மத்த விதைக்கெல்லாம் அதோட அம்மா கொஞ்சம் சோறு கட்டிக் குடுத்து அனுப்பும். அவரையைப் பாருங்க, கடலையைப் பாருங்க, நாம திங்கறதே அந்தக் கட்டுச்சோத்தைத்தான். இதோட அம்மா வெறுங்கையோட அனுப்பிடும். லட்சம் பிள்ளையும் பட்டினியாக் காத்துல கிளம்பும். எங்கயாவது ஒரு மரப்பட்டையில, கண்ணுக்கே தெரியாத ஒரு பூஞ்சை இருக்கும். காளானோட சொந்தக்காரன்னு வச்சுக்குங்க. அவன் வீட்டு வாசல்ல போய் விழுந்தாத்தான் அதுக்குச் சாப்பாடு. அவன் ஊட்டுவான். இல்லேன்னா அவ்வளவுதான். லட்சத்துல ஒண்ணு பொழைச்சாலே பெரிசு. காட்டுல மரத்தை வெட்டினா அந்த வாசலே இல்லாமப் போயிடுது."

அந்தப் பையன் படத்தை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தான்.

"யாரு பாவம், சொல்லுங்க," என்று அவனே கேட்டான்.

"ரெண்டும்தான். ஜாடிதான் ரெண்டு வச்சிருக்காங்க, என்ன பண்ண?"

பிள்ளைகள் வரிசையில் வந்து பூவை முகர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கூழாங்கற்கள் விழுகிற சத்தம் வாசலில் கேட்டுக்கொண்டே இருந்தது. இயக்குநரம்மா எண்ணிப் பார்த்தார். குரங்குக்கு அறுபத்து நாலு. ஆர்க்கிட்டுக்கு இருபத்தெட்டு.

வாலு குதிக்கவில்லை. சிலேட்டில் எதையோ எழுதப்போய் அழித்தார், மறுபடி எழுதப்போய் அழித்தார். இருபத்திரண்டு வருஷ வழக்கில் ஜெயித்த மனிதர் போலவே இல்லை.

"எதுக்கு இப்படி முழிக்கறீங்க?" என்றாள் கண்ணாடியம்மா. "அறுபத்து நாலுல ஒண்ணு என்னோடது."

அவர் வாய் பிளந்தார்.

"நானும்தான் யோசிச்சுப் பார்த்தேன். சின்னவளுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. என் காய் முத்தறதுக்கு ஏழு மாசம் ஆகும். யாருக்கு அவசரம்? நான் பேசினதைக் கேட்டு நானே மாறிட்டேன்னு வச்சுக்குங்க. ஆனா இருபத்தெட்டு பேர்! எண்ணிக்கை பத்தைத் தாண்டும்னே நான் நினைக்கல, தெரியுமா?"

நிஜமாகவே அவளுக்கு மனசு லேசாக இருந்தது. பசி வேறு எடுத்தது.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் மட்டும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். கையில் பெரிய பை, செருப்பில் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது.

"அக்கா, அந்தப் பூஞ்சைன்னு சொன்னீங்களே. அதை எப்படி வளர்க்கறீங்க?"

"எங்கேம்மா வளர்க்கறது? அதுக்குத்தான் அந்த அறையே கேட்டேன். வேரிலேர்ந்து எடுத்து வச்சா மூணாம் நாள் வேற ஏதோ கிருமி வந்து எல்லாத்தையும் தின்னுடுது."

"அது படர எந்த ஜெல்லி போடறீங்க? கிருமி சாகப் புட்டி மூடியைச் சுடறீங்களா?"

கண்ணாடியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"காளான் பண்ணை வச்சிருக்கேன். பஸ்ல அரைமணி நேரம்தான். எங்களுக்கும் விதைப்புட்டியில கிருமி வந்தா மொத்தமும் போச்சு. அதனால காத்தை வடிகட்டி உள்ளே விடற பெட்டி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். வாரத்துல மூணு நாள்தான் அதுல வேலை. மீதி நாள் சும்மாத்தான் கிடக்கு." கொஞ்சம் தயங்கினாள். "தினமும் பூஞ்சையோடதான் பொழைப்பு. அது ஒரு பூவுக்குச் சோறு ஊட்டும்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். உங்க விதையை அங்க கொண்டுவந்து போட்டுப் பாருங்களேன்."

கண்ணாடியம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அந்த வீட்டில் இப்போது வாய் திறக்க முடியாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். வாலுதான் சிலேட்டை நீட்டினார்: 'எந்த பஸ்?'

அப்புறம் நடந்ததெல்லாம் நிதானமாக நடந்தது. பழைய டிக்கெட் அறையில் கிளைகள் கட்டி, ஜன்னலுக்குப் பச்சைத்துணி போட்டுச் சின்னவளைக் கொண்டுபோய் வைத்தார்கள். பதினெட்டாம் நாள் காலையில் குட்டி பிறந்தது. இந்தத் தடவை அதை வயிற்றோடு அணைத்துப் பால் கொடுத்தாள். வாலுவுக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. ஐந்து நாள் பாக்கியையும் வட்டியோடு சேர்த்துப் பேசித் தீர்த்தார். மகள் லீவு போட்டுக்கொண்டு வந்தபோது அவர் பழையபடி பேச்சில் இருந்தார். "இதுக்கா பஸ் ஏறி வந்தேன்?" என்று அலுத்துக்கொண்டே குட்டியை எட்டியிருந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் தொட்டியில் காய் பிடித்தது. முதலில் அரிசியளவு, பிறகு விரல்கணு அளவு. கண்ணாடியம்மா அதைத் தொடாமல், அதன் பக்கத்தில் பலமாக மூச்சுவிடக்கூடத் துணியாமல் ஏழு மாதம் காத்தாள். புதன்கிழமைகளில் பஸ் ஏறிக் காளான் பண்ணைக்குப் போனாள். அங்கே பூஞ்சையைப் பிரித்து வளர்ப்பதில் பண்ணைக்காரி கைதேர்ந்தவள். கண்ணாடியம்மா ஆறு வருஷத்தில் சாதிக்காததை அவள் நாலு வாரத்தில் செய்து முடித்தாள். ஜெல்லியின் மேல் வெள்ளை நூலாகப் படர்ந்த பூஞ்சையைக் காட்டி, "வந்துட்டான் பாருங்க உங்க சமையல்காரன்," என்றாள்.

காய் முற்றியதும் இருவரும் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். காயைக் கீறியதும் மஞ்சள் மாவு மாதிரி விதை கொட்டியது. முப்பது புட்டிகளில் தூவி மூடினார்கள்.

எழுபது நாள் ஒன்றுமே தெரியவில்லை. எழுபத்தோராம் நாள் ஒரு புதன்கிழமை. பண்ணைக்காரி புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். வெள்ளை நூலுக்கு நடுவே பச்சைப் புள்ளிகள். ஊசிமுனையளவுதான். ஆனால் சந்தேகமில்லாமல் பச்சை.

"எத்தனை இருக்கும்?" என்றாள்.

"இந்தப் புட்டியில மட்டும் நாப்பது இருக்கும்கா. மத்ததையும் பார்ப்போமா?"

"பார்ப்போம். அவசரமில்ல. முதல்ல உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடலாம், வா."

இருவரும் வைக்கோல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். நடுவில் வாலு போன் செய்தார். குட்டி இன்று முதல்முறையாகத் தாயை விட்டு மறுகோடி வரை தனியாகத் தாவிப் போய்விட்டுத் திரும்பி வந்ததாம். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியம்மா குறுக்கிடாமல் சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்துத் தன் சேதியைச் சொன்னாள்.